பரோலோ ஒயினுக்கு ஒரு விருந்து: இரண்டு நாள் முன்பிருந்து மேசை வரை

பரோலோவை முதல்முறை கோப்பையில் ஊற்றிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். இத்தாலியின் வலுவான சிவப்பு ஒயின் என்று கேள்விப்பட்டு வாங்கியிருப்பார்கள். கோப்பையிலோ மாதுளைச் சாற்றில் தண்ணீர் கலந்ததுபோல் வெளிறிய சிவப்பு, ஓரத்தில் செங்கல் சாயல். இவ்வளவுதானா என்று ஒரு பெரிய மிடறு விழுங்குவார்கள். அடுத்த நொடி கன்னத்தின் உட்புறத்தை யாரோ சேர்த்துப் பிடித்து இழுத்ததுபோல் இருக்கும்.

பரோலோ விளையும் வட இத்தாலியில், ஆல்பா நகருக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சில ஆண்டுகள் பரிமாறும் வேலை பார்த்தேன். அங்கே வந்தவர்களும், பிறகு வீட்டில் முயன்று பார்த்த நண்பர்களும் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் நேரக் கணக்கில் நேர்ந்தவை. ஆகவே இந்த வழிகாட்டியைக் கடிகாரத்தை வைத்து எழுதுகிறேன். விருந்து ஞாயிறு இரவு எட்டு மணிக்கு என்று கொள்ளுங்கள். அளவுகள் ஐந்து பேருக்கானவை.

1. துவர்ப்பு எப்படி அடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ என்ற ஒரே திராட்சை வகையிலிருந்து செய்யப்படுவது. அந்தப் பழத்தில் நிறம் குறைவு, துவர்ப்பு அதிகம், புளிப்பும் கூர்மை. ஆல்கஹால் பெரும்பாலும் 14 சதவீதத்தை ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். நிறத்தைப் பார்த்து இதை எடைபோட முடியாது.

துவர்ப்புக்குக் காரணமான டானின், நம் உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வழுக்கல் போய் வாய் வறண்டுபோகிறது. பாக்கு மென்றவர்களுக்கும் பிஞ்சு மாதுளையைக் கடித்தவர்களுக்கும் இது பழகிய அனுபவம்தான். இப்போது கடுந்தேநீரை நினைத்துப் பாருங்கள். வெறுமனே குடித்தால் நாக்கைப் பிடிக்கும். கொஞ்சம் பால் விட்டதும் அடங்கிவிடும். பாலின் புரதம் டானினைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால்தான் அது நடக்கிறது.

பரோலோவுக்கு உணவு தேடுவதும் இதே கணக்குத்தான். பால் செய்த வேலையை இறைச்சியோ வெண்ணெயோ முட்டை மஞ்சள்கருவோ முற்றிய சீஸோ செய்ய வேண்டும். புரதமும் கொழுப்பும் உப்பும் தட்டில் இருந்தால் ஒயினின் பிடி தளரும்; இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த பாட்டிலானாலும் பாக்குத்தான்.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

வயிறு அகன்று வாய் குறுகிய பெரிய கோப்பைகள் ஐந்து. அடி அகன்ற கண்ணாடிக் குடுவை ஒன்று; அதற்கென்று விற்கும் டிகாண்டர் இல்லையென்றால் வாசனை எதுவும் ஏறாத கண்ணாடி ஜாடி போதும். கார்க் திருகி. ஒரு சிறிய டார்ச் அல்லது மெழுகுவர்த்தி. அடி தடித்த, மூடியுள்ள பாத்திரம்.

கோப்பைகளைச் சோப்பு மணம் இல்லாமல் வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். அலமாரிக்குள் கவிழ்த்துவைத்த கோப்பையில் மரவாசனை தங்கிவிடும். அதை ஒயினின் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. பாட்டிலைத் தேர்ந்தெடுத்தல்

பரோலோ என்ற பெயரைப் போட, திராட்சை பியமோந்தே மாநிலத்தின் லாங்கே குன்றுகளில் வரையறுக்கப்பட்ட 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். கழுத்தில் அரசு முத்திரைப் பட்டை ஒட்டியிருக்கும். 1980 முதல் இது டிஓசிஜி என்ற உயர்தர வகைப்பாட்டில் இருக்கிறது.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு. அது அறுவடை ஆண்டு, விற்பனைக்கு வந்த ஆண்டு அல்ல. சட்டப்படி பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். கணக்கு அறுவடை ஆண்டின் நவம்பர் முதல் தேதியில் தொடங்கும். ஆக, 2019 என்று போட்ட பாட்டில் 2023 ஜனவரிக்கு முன் கடைக்கு வந்திருக்க முடியாது. ரிசெர்வா என்று எழுதியிருந்தால் 62 மாதம்.

கடைக்கு வந்தவுடன் குடிக்கத் தயார் என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. 2010, 2016 போன்ற ஆண்டுகளின் பரோலோ இறுக்கமான கட்டு உடையது, பொறுமை கேட்கும். 2014 குளிர்ந்த, மழை மிகுந்த ஆண்டு. 2018-உம் மெலிந்த உடல்வாகு கொண்டது. இவற்றைச் சீக்கிரமே திறக்கலாம். 2017 வெயில் ஆண்டு, பழம் கனிந்த சுவை. முதல் விருந்துக்கு 2018 போல ஒன்றை எடுங்கள் என்பேன். புகழ்பெற்ற ஆண்டு என்பதற்காக 2016-ஐ வாங்கி இன்றே திறப்பது, காய்ப் பலாவை வெட்டிவிட்டுச் சுளை இனிக்கவில்லை என்று வருந்துவதற்குச் சமம்.

அடுத்து ஊர். லா மோர்ரா, பரோலோ ஆகிய ஊர்களின் ஒயின் பொதுவாக மணம் முந்தும், கொஞ்சம் மென்மை. செர்ராலுங்கா தால்பா, மொன்ஃபோர்தே தால்பா பக்கத்து ஒயினில் துவர்ப்பு திடமாக நிற்கும், நெடுநாள் தாங்கும். காஸ்தில்யோனே ஃபல்லெத்தோ இரண்டுக்கும் நடுவில். விதிவிலக்குகள் ஏராளம், ஆனால் கடையில் நின்று முடிவெடுக்க இவ்வளவு போதும். மெதுவாக வேகவைத்த இறைச்சிக்குச் செர்ராலுங்கா, முட்டைப் பாஸ்தாவும் காளானும் என்றால் லா மோர்ரா.

ஐந்து பேருக்கு ஒரு பாட்டில் என்பது ஆளுக்கு 150 மில்லி. உணவோடு மெதுவாகக் குடிக்க அது போதும். இரண்டாவது வாங்கினால் அதே பாட்டிலையே வாங்குங்கள். ஒன்றில் கார்க் கெட்டிருந்தால் மற்றது கைகொடுக்கும்.

4. வெள்ளி மாலை: நிமிர்த்தி வையுங்கள்

பாட்டில்களைப் படுக்கவைத்துச் சேமிப்பதால் மண்டி பக்கவாட்டில் படிந்திருக்கும். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு நிமிர்த்தி, இருட்டான குளிர்ந்த மூலையில் வைத்துவிடுங்கள். மண்டி அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். நெபியோலோவின் மண்டி நைசானது. கலங்கினால் கோப்பை முழுக்கக் கசப்பு.

இந்தப் படிதான் மிக எளிது, மிக அதிகமாக விடுபடுவதும் இதுதான். விருந்தாளி ஒருவர் தன் பாட்டிலைக் காரின் பின்பெட்டியில் உருட்டிக்கொண்டு வந்து, இறங்கியதும் திறக்கச் சொன்னார். திறந்தேன். சேற்று வாய்க்கால்.

5. சனி இரவு: இறைச்சியை ஊறவையுங்கள்

பியமோந்தேயில் இந்த ஒயினோடு வைக்கும் முதன்மை உணவு பிரசாத்தோ: மாட்டுத் தோள்பட்டை இறைச்சியைச் சிவப்பு ஒயினில் ஊறவைத்து, மூடிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் வேகவைப்பது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் எலும்போடு கூடிய ஆட்டுத் தோள்பட்டையில் இதே முறையைப் பின்பற்றலாம். சுவை வேறுபடும், தத்துவம் மாறாது.

ஒன்றேகால் கிலோ இறைச்சியை ஒரே துண்டாக எடுங்கள். வெங்காயம், கேரட், செலரித் தண்டு, இரண்டு பிரியாணி இலை, நான்கு கிராம்பு, விரல் மூட்டளவு பட்டை, பத்து மிளகு. எல்லாவற்றோடும் இறைச்சியைப் பாத்திரத்தில் போட்டு ஒரு பாட்டில் ஒயினை ஊற்றி, ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள்.

எந்த ஒயினை ஊற்றுவது? உணவின் முழுப்பெயர் 'பிரசாத்தோ அல் பரோலோ' என்பதால் பலர் பரோலோவையே ஊற்றிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது வீண். மூன்று மணிநேரக் கொதியில் பத்தாண்டு முதிர்ந்த ரோஜா மணம் எதுவும் மிஞ்சாது. அதே நெபியோலோவில் செய்த லாங்கே நெபியோலோ, அல்லது பார்பேரா என்ற அந்தப் பகுதியின் இன்னொரு சிவப்பு ஒயின் போதும், விலை பல மடங்கு குறைவு. ஆனால் 'சமையல் ஒயின்' என்று உப்புப் போட்டு விற்பதை மட்டும் தொடாதீர்கள். சாறு சுண்டும்போது உப்பு ஏறிக்கொண்டே போகும்.

6. ஞாயிறு மதியம் இரண்டரை: வேகவையுங்கள்

இறைச்சியை வெளியே எடுத்து, துணியால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் வதங்காது, அவியும், மேற்புறம் பழுப்பேறாது. அந்தப் பழுப்பில்தான் ஒயினோடு சேரும் கருகிய இனிப்பு இருக்கிறது. எல்லாப் பக்கமும் சிவக்கப் பொரித்து எடுத்துவையுங்கள்.

அதே பாத்திரத்தில் ஊறிய காய்களை வதக்கி, வடித்த ஒயினை ஊற்றிப் பாதியாகச் சுண்டவிடுங்கள். அவசரப்பட்டால் பச்சைச் சாராய நெடி சாற்றில் தங்கிவிடும். பிறகு இறைச்சியும், பாதி மூழ்கும் அளவுக்கு இறைச்சி ரசமும், உப்பும். மூடிபோட்டு மிகச் சிறிய தணலில் மூன்று மணிநேரம். மேலே ஓரிரண்டு குமிழிதான் எழ வேண்டும். தளதளவென்று கொதித்தால் நார் இறுகித் தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும். தணலில் கிடந்தால் இணைப்புத் தசை கரைந்து பசைபோல் ஆகும். டானினைப் பிடித்துக்கொள்வதில் அந்தப் பசைக்கும் பங்கு உண்டு.

வெந்ததும் இறைச்சியை எடுத்து ஆறவைத்த பிறகே அறுங்கள். சுடச்சுட அறுத்தால் நார்நாராகப் பிரியும். பட்டை, இலை, கிராம்பை நீக்கி, காய்களைச் சாற்றோடு அரைத்துக் கெட்டியாக்குங்கள். துண்டுகளை அதிலேயே மெல்லச் சூடாக்கிப் பரிமாறலாம். தொட்டுக்கொள்ளச் சோளக்களி, அதுதான் அங்கே பொலெந்தா.

7. ஐந்து மணி: திறந்து முகருங்கள்

மூன்று மணிநேரம் முன்பே திறப்பதற்கு முதல் காரணம், கெட்டிருந்தால் மாற்று ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும் என்பது.

பாட்டிலைச் சாய்க்காமல், சுழற்றாமல் வைத்தபடியே திறங்கள். இருபது ஆண்டு கடந்த கார்க் நொறுங்கும் தன்மையுடையது. திருகியை நேர்நடுவில் இறக்கி, இழுக்கும்போது ஆட்டாதீர்கள். பக்கவாட்டில் நுழையும் இரண்டு தகடுகள் கொண்ட திருகி இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு விரல்கிடை ஊற்றி முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரம் ஊறிய பழைய செய்தித்தாள் போன்ற வாடை வந்தால் கார்க் கெட்டது, காற்றாடினாலும் சரியாகாது. ஆனால் முதல் மணம் மூடிக்கிடப்பதும், தோல், காய்ந்த இலை, தார் போன்று வீசுவதும் குறையல்ல. தாரும் வாடிய ரோஜாவும் நெபியோலோவின் இயல்பான மணங்கள்.

8. குடுவையில் ஊற்றுவதா, வேண்டாமா

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

காற்றுப் பட்டால் துவர்ப்பு குறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இரண்டு மூன்று மணிநேரக் காற்று துவர்ப்பைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அது திறப்பது மணத்தை. மணம் விரிந்ததும் துவர்ப்பு உறுத்தாததுபோல் தோன்றுகிறது. துவர்ப்பை உண்மையில் அடக்குவது தட்டில் இருப்பதுதான். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் இளம் பரோலோவை ஆறு மணிநேரம் குடுவையில் கிடத்திவிட்டு, இன்னும் பிடிக்கிறதே என்பார்கள்.

பத்து வயதுக்குக் குறைந்த பாட்டில் என்றால் அகன்ற குடுவையில் ஊற்றி இரண்டு அல்லது மூன்று மணிநேரம் விடுங்கள். கார்க்கை மட்டும் எடுத்துவிட்டுப் பாட்டிலிலேயே வைத்திருப்பது போதாது. கழுத்தில் காற்றுப் படும் பரப்பு ஒரு நாணயத்தின் அகலம்தான்.

இருபது வயது கடந்தது என்றால் கதையே வேறு. கால் கோப்பை வெளியே ஊற்றி மட்டத்தைத் தோள்வரை இறக்கி, பாட்டிலிலேயே ஓரிரு மணிநேரம் விடுங்கள். மண்டியைப் பிரிக்கப் பரிமாறுவதற்குச் சற்று முன்பு குறுகிய ஜாடியில் வடித்தால் போதும். முதல் ஆண்டில் நான் செய்த பிழையை இன்னும் மறக்கவில்லை. முப்பது வயது தாண்டிய பாட்டிலை, தோரணைக்காக, விருந்து தொடங்கும்போதே பெரிய குடுவையில் ஊற்றினேன். முதல் கோப்பையில் ரோஜா. இறைச்சி வந்து சேர்ந்தபோது ஈரமண் மட்டும். மேசையில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நடுத்தர வயதுக்கு விதி கிடையாது. ஒரு வாய் சுவையுங்கள். மணம் மூடியிருந்தால் குடுவை, விரிந்திருந்தால் பாட்டிலிலேயே.

ஊற்றும்போது கழுத்துக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். நிறுத்தி நிமிர்த்தினால் மண்டி எழுந்துவிடும். கறுத்த கோடு ஒன்று கழுத்தை நோக்கி நகர்ந்து வருவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் நிற்கும் இரண்டு விரல்கிடையைத் தனியே வையுங்கள்.

9. ஏழரை: சூட்டைச் சரிபாருங்கள்

16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 'அறை வெப்பம்' என்று சொல்லப்படுவது ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பிய வீட்டின் அறை. 28 டிகிரி அறையில் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழச்சுவை குழையும். மாறாக ஃபிரிட்ஜ் குளிரிலேயே ஊற்றினால் துவர்ப்பு இரண்டு மடங்காகத் தெரியும், மணம் எழவே எழாது. குடுவையைக் குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தினால் சரியாக வரும்.

10. எட்டு மணி: மேசையில் வரிசை

பரோலோவை முதல் வாயிலேயே ஊற்றாதீர்கள். வெறும் வயிற்றில், வெறும் வாயில் அது முரடாகத்தான் இருக்கும்.

தொடக்க உணவாகச் சூரைமீன் சாந்து தடவிய குளிர்ந்த கன்றிறைச்சி, விதெல்லோ தொன்னாத்தோ, அங்கே வழக்கம். அதோடு அர்னேஸ் வெள்ளை ஒயின் போகட்டும். மீன் எண்ணெயும் சிவப்பு ஒயினில் உள்ள இரும்பும் சந்தித்தால் வாயில் உலோகச் சுவை வரும்.

இரண்டாவது பாஸ்தா. லாங்கேயில் தாயரீன் என்ற மெல்லிய நூல் பாஸ்தா உண்டு; ஒரு கிலோ மாவுக்கு முப்பது, நாற்பது மஞ்சள்கரு வரை சேர்த்துப் பிசைவார்கள். அதை வெண்ணெயில் புரட்டிப் பார்மிஜானோ சீஸ் துருவிப் போட்டால் பரோலோவின் முதல் கோப்பைக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. சைவர்கள் இந்தத் தட்டையே முதன்மை உணவாக்கிக்கொள்ளலாம். போர்ச்சீனி காளானோடு செய்த ரிசொத்தோவும், அதாவது குழைய வேகவைத்த இத்தாலியச் சோறும், நன்று. காளானுக்கு உப்பும் வெண்ணெயும் குறையாமல் இருக்கட்டும், இல்லையேல் ஒயின் கசக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆல்பாவில் வெள்ளை டிரஃபிள் பருவம். மண்ணுக்கடியில் விளையும் இந்தக் காளான் வகையைப் பாஸ்தாவின் மேல் மேசையிலேயே பச்சையாகச் சீவ வேண்டும். அடுப்பில் காட்டினால் மணம் பறந்துவிடும். டிரஃபிளோடு இளம் பரோலோவை ஊற்றுவது பலருக்கு உவப்பு, எனக்கு இல்லை. முரட்டுத் துவர்ப்பு அந்த மணத்தை அமுக்குகிறது. முதிர்ந்த பாட்டில் இல்லையென்றால் டிரஃபிளுக்குப் பார்பேராவே மேல்.

மூன்றாவது பிரசாத்தோ. ஒரு துண்டு இறைச்சியை மென்று விழுங்கிய பிறகு ஒரு மிடறு, அந்த வரிசையில். முதல் கோப்பையில் இறுகியிருந்த ஒயின் இங்கே வேறோர் ஆளாக மாறுவதை எல்லோரும் சொல்லாமலே கவனிப்பார்கள்.

கடைசியாகச் சீஸ்: காஸ்தெல்மான்யோ, அல்லது 24 மாதத்துக்கு மேல் முதிர்ந்த பார்மிஜானோ. இளம் வெள்ளைச் சீஸ் வேண்டாம். அதன் பால்புளிப்பு ஒயினின் புளிப்போடு மோதும்.

11. மேசைக்கு வரக் கூடாதவை

காரம். வலுவான ஒயின் வலுவான மசாலாவைத் தாங்கும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். நடப்பது நேர்மாறு: ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூண்டுகிறது, துவர்ப்பு அதன்மேல் உப்புத்தாள்போல் தேய்க்கிறது. செட்டிநாட்டுச் சுக்காவோடு ஒருமுறை முயன்றேன். இரண்டும் தனித்தனியே அருமை. பட்டை, கிராம்பு, மிளகு அளவாக இருந்தால் தடையில்லை, சிவப்பு மிளகாய்தான் பகை.

வினிகர் ஊற்றிய சாலட்டும், கூனைப்பூவும் (ஆர்டிசோக்), தக்காளிப் புளிப்பு மேலோங்கிய குழம்பும் அப்படியே. சாக்லேட் கேக்கும் சேராது. இனிப்புக்குப் பக்கத்தில் பரோலோ வெறும் புளிப்பும் துவர்ப்புமாகக் குறுகிவிடும். இனிப்போடுதான் முடிக்க வேண்டுமென்றால் பரோலோ கினாத்தோ வாங்குங்கள். சின்கோனா பட்டையும் மசாலாப் பொருள்களும் ஊறவைத்து இனிப்பூட்டிய பரோலோ அது. கறுப்புச் சாக்லேட்டோடு சின்னக் கோப்பையில் ஒரு மிடறு.

வண்டி ஓட்டப்போகிறவருக்கு ஊற்றாதீர்கள்; 14 சதவீதம் மெல்லத்தான் வேலையைக் காட்டும்.

12. மிச்சம்

இளம் பரோலோ மிஞ்சினால் சிறிய பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சில சமயம் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். முதிர்ந்தது அன்றிரவே முடிந்தாக வேண்டும்.

மண்டியோடு தனியே வைத்த அந்த இரண்டு விரல்கிடையைக் கொட்ட வேண்டாம். மெல்லிய துணியில் வடித்து, திங்கட்கிழமை மிஞ்சிய இறைச்சிச் சாற்றைச் சூடாக்கும்போது அதில் விட்டு ஐந்து நிமிடம் சுண்டவிடுங்கள். சோளக்களியும் மிஞ்சியிருந்தால் துண்டு போட்டு வெண்ணெயில் பொரித்துக்கொள்ளுங்கள்.